நான் சொன்ன சாலை

எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. எங்கள் மாநிலத் தலைநகர் டுஸ்ஸல்டார்ஃபில், சட்டமன்றத்தில் பதினைந்து வருஷம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இடப்பக்கம் ஒரு டாக்டர் பட்டம், வலப்பக்கம் ஒரு டாக்டர் பட்டம். இரும்பு, உருக்கு என்று பேச்சு வந்துவிட்டால் இரண்டு பட்டமும் என் முகத்தைத்தான் பார்க்கும். நான் கை தூக்கினால் அவர்களும் தூக்குவார்கள்.

அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் செத்துப்போனார். எனக்கு அப்போது ஏழு வயது. பதினாலு வயதில் எங்கள் ஊர் பிரிங்க்மான் உருக்காலைக்குள் துடைப்பத்தோடு நுழைந்தேன். இருபத்திரண்டில் கிரேன் ஏறினேன். உருகிய இரும்பு தளும்பும் கொப்பரையை மேலேயிருந்து இறக்கி, கூடையில் முட்டை வைப்பதுபோல வைப்பேன். அப்படி வைக்கத் தெரிந்தவர்கள் அந்த ஆலையிலேயே இரண்டு பேர்தான். ஒருவன் நான். இன்னொருவன் பக்கத்துக் கிரேனில் இருந்த எகோன் சொபோட்டா. அவன் என்னைவிட நன்றாக வைப்பான் என்று சிலர் சொல்வதுண்டு. சொல்லட்டும்.

அறுபதாம் வருஷக் குளிர்காலத்தில் எங்கள் கொட்டகைக் கழிப்பறையில் தண்ணீர் உறைந்து கிடந்தது. மூன்று மனு கொடுத்தோம், பதில் இல்லை. ஒரு நாள் கிரேனை நடுவில் நிறுத்திவிட்டு மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கீழே மேஸ்திரி கத்தினான்.

"கோபெட்ஸ்கி, இறங்குடா! வேலை கெடுது!"

"கக்கூஸுல கணப்பு வைக்கிற வரைக்கும் எனக்கு மேலதான் சௌகரியம்!" என்றேன்.

ஆறு மணி நேரம். எகோனும் தன் கிரேனை நிறுத்திவிட்டு, பாதி ரொட்டியை ஒரு கொக்கியில் மாட்டி என் பக்கம் நீட்டினான். சாயங்காலம் கணப்பு வந்தது. அடுத்த தேர்தலில் என்னைத் தொழிற்சங்கப் பிரதிநிதி ஆக்கினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து ஆலையின் தொழிலாளர் மன்றத் தலைவர். எண்பதில் கட்சி என்னைச் சட்டமன்றத்துக்கு நிறுத்தியது. நூற்றுக்கு அறுபத்திரண்டு ஓட்டு வாங்கினேன். அதற்கு முன்னும் பின்னும் எங்கள் தொகுதியில் அவ்வளவு யாரும் வாங்கியதில்லை. யாராவது வாங்கியிருந்தால் காட்டுங்கள்.

இனி எண்பத்தைந்தாம் வருஷம் ஜனவரிக்கு வருகிறேன். பெருமையாகச் சொல்ல நிறைய இருக்கும்போது எதற்கு இதை எழுதுகிறாய் என்று ட்ராவுடல் கேட்கிறாள். ட்ராவுடல் என் மனைவி. இதை எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது.

உருக்கு ஆலைகளில் மேற்பார்வைக் குழு என்று ஒன்று உண்டு. பதினோரு நாற்காலி: முதலாளி பக்கம் ஐந்து, எங்கள் பக்கம் ஐந்து, நடுவில் யாருக்கும் சேராத ஒருவர். சட்டமன்றத்துக்குப் போனபிறகும் தொழிலாளர் மன்றத் தலைவன் நானே என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி. அந்த ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு எங்களுக்கு ஒரு விஷயம் சொன்னார்கள். அடுத்த வருஷத்துக்குள் இரும்பு உருக்கும் ஊதுலையும் அதை உருட்டித் தகடாக்கும் உருட்டாலையும் மூடப்படும். நாலாயிரத்து இருநூறு பேர். அதே மைதானத்தில் கார்களுக்குத் தகடு செய்யும் புது ஆலை ஒன்று வரலாம். அறுநூற்று நாற்பது பேருக்கு வேலை. அதற்கு மாநில அரசு உதவ வேண்டும், வெளியூர் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். ஏப்ரல் பதினைந்தில் முடிவு. அதற்குள் ஒரு சொல் வெளியே போனால் ஊரே வாசலில் நிற்கும், அந்த முதலாளி ஹாலந்துக்குப் போய்விடுவார்.

குழுவில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். அது போதாதென்று மறுநாள் டுஸ்ஸல்டார்ஃபில் கட்சி என்னை அழைத்து அதே கதையை மறுபக்கத்திலிருந்து சொன்னது. உதவித்தொகையைப் பேசி வாங்கும் பொறுப்பும் என்னுடையது. ஆலையில் ஒரு பூட்டு, சட்டமன்றத்தில் ஒரு பூட்டு, உள்ளே நான். பதினோரு வாரம் அப்படி இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் ஆலை உணவுக்கூடத்தில் பட்டாணி சூப். ஜன்னலோர மேஜையில்தான் எப்போதும் உட்காருவேன். யாருக்கு என்ன குறை இருந்தாலும் அங்கே வந்து கேட்கலாம். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. கோபெட்ஸ்கி இழுத்துப் பேசமாட்டான் என்று பெயர். ஆலையைப் பற்றி வதந்தி கிளம்பும் காலங்களில் பயல்கள் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நான் எத்தனை தட்டு சாப்பிடுகிறேன் என்று பார்ப்பார்கள்.

"இரண்டாவது தட்டு வாங்குறான் பாரு. அப்போ ஒண்ணுமில்ல."

"வாங்குறான், ஆனா சாஸேஜைத் தொடலையே."

"தொட்டுட்டான், தொட்டுட்டான். போங்கடா வேலையைப் பார்க்க."

அந்தப் பதினோரு வெள்ளிக்கிழமையும் நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். பட்டாணி தொண்டையில் மணல் மாதிரி இறங்கியது. நாலு கிலோ கூடினேன். ட்ராவுடல் கால்சட்டைப் பட்டனை நகர்த்தித் தைத்தாள்.

"உனக்கு என்ன ஆச்சு ஃப்ரீட்ஹெல்ம்? வயிறு வளருது, முகம் செத்துக் கிடக்கு."

"ஒண்ணுமில்ல. வேலை."

"தூங்கும்போதுகூட பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தூங்குற. வாயைத் திறந்தா என்ன விழுந்துடும்?"

அவளுடைய தம்பி இரண்டு பேரும் உருட்டாலையில். அவளிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி முதல் வெள்ளிக்கிழமை எகோன் ஒரு கடிதத்தோடு என் மேஜைக்கு வந்தான். வடக்கே பிரெமர்ஹாஃபென் துறைமுகத்தில் அவனுக்குக் கிரேன் வேலை. மனைவி ஹில்டகார்டின் அண்ணன் அங்கே இருக்கிறார், அவர் மூலம் வந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் சரி அல்லது வேண்டாம் என்று எழுத வேண்டும். அவனுக்கு அப்போது நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டுக்குப் பிறகு இன்னொரு துறைமுகம் அவனைக் கூப்பிடாது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"போகவா, இருக்கவா?" என்றான்.

"அது உன் இஷ்டம்டா."

"என் இஷ்டம் எனக்குத் தெரியும். எனக்கு இங்கதான் இஷ்டம். தோட்டம் இருக்கு, புறா இருக்கு. ஹில்டகார்ட் கடல் காத்து வேணுங்கறா. ஆலை ஓடுமா ஓடாதா? அதைச் சொல்லு. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

பக்கத்து மேஜைகளில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"ஆலையைப் பத்தி எந்த முடிவும் எடுக்கலை," என்றேன். அது உண்மை. முடிவு ஏப்ரல் பதினைந்தில்தான் எடுக்கப் போகிறார்கள்.

"அப்படிச் சொல்லு தலைவா!" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனான். கரண்டிகள் மறுபடி ஓடின. நான் எழுந்துபோய் இரண்டாவது தட்டு வாங்கினேன்.

எங்கள் ஊரில் பந்தயப் புறா வளர்ப்பவன் வீடு மாறுவது சாதாரண விஷயம் இல்லை. புறா பிறந்த கூண்டுக்குத்தான் திரும்பும். ஆள் முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் பறவை பழைய இடத்துக்கே வந்து சுற்றும். எகோனிடம் அறுபது பறவை இருந்தது. தொழிலாளர் தோட்டச் சங்கத்தில் அவனுக்கு ஒரு துண்டு நிலம், கூண்டும் அங்கேதான். மார்ச் ஆரம்பத்தில் நான் அந்தப் பக்கம் போனபோது புது மரப்பலகை இறக்கிக்கொண்டிருந்தான்.

"பழைய கூண்டைப் பிரிச்சிட்டு இரட்டை மடங்கு பெரிசாக் கட்டப் போறேன். இந்த வசந்தத்துக்கு இருபது ஜோடி போடறேன் பாரு!"

அப்போது என் மூளை வேலை செய்தது. நான் புத்திசாலி, அதை யாரும் மறுத்ததில்லை. ஆலையைப் பற்றி வாயைத் திறந்தால்தானே தப்பு? புறாவைப் பற்றிப் பேசக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

"எகோன், இந்த வருஷம் கூண்டு கட்டாதே," என்றேன்.

"ஏன்?"

"கட்டாதேன்னா கட்டாதே. ஜோடியும் போடாதே. பலகையைத் திருப்பிக் கொடுத்துடு."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். நான் அவனை உற்றுப் பார்த்தேன். புரிந்துகொண்டான் என்று நினைத்தேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு வீட்டில் உருளைக்கிழங்கு அடை ஏழு சாப்பிட்டேன்.

அவன் புரிந்துகொண்டது வேறு. எனக்கு இரண்டு பதவி இருந்தது அல்லவா? ஆலை விஷயம் என்றால் கோபெட்ஸ்கி ஆலை உணவுக்கூடத்தில் சொல்வான், அங்கேதான் ஏற்கெனவே 'முடிவு இல்லை' என்று சொல்லிவிட்டான். தோட்டத்துக்கு வந்து, கூண்டு கட்டாதே என்று சொல்கிறான் என்றால், அது சட்டமன்ற உறுப்பினர் சொல்வது. தோட்டத்துக்குத்தான் ஏதோ வரப்போகிறது. என்ன வரும்? சாலை வரும். எங்கள் ஊரில் தோட்டத்துக்கு எமன் எப்போதும் சாலைதான்.

ஒரு வாரத்தில் நூற்றிருபது தோட்டக்காரர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மார்ச் இருபத்தெட்டாம் தேதி சங்கக் கொட்டகையில் கூட்டம். என்னை அழைத்தார்கள். போகாமல் எப்படி? என் ஓட்டில் பாதி அந்தக் கொட்டகையில் இருந்தது.

சங்கத் தலைவர் ரூடி பிளாஷ்கே மேஜையைத் தட்டினார். "தோழர் ஃப்ரீட்ஹெல்ம் வந்திருக்கார். நேராக் கேக்கறோம். சாலை வருதா, வரலையா?"

வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதல் வரிசையில் எகோன் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தான்.

"இவன்தான் என்கிட்ட வந்து சொன்னான். கூண்டு கட்டாதேன்னான். இவன் சொன்னதாலதான் நாம தப்பிச்சோம். சொல்லுடா, பயப்படாதே. நாங்க இருக்கோம்!"

அந்த நிமிஷத்தை நான் பல தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன். சாலை இல்லை என்றால் அடுத்த கேள்வி, அப்புறம் ஏன் கட்டாதே என்றாய்? அதற்குப் பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் அறுநூற்று நாற்பது வேலை போகும். இருநூற்று ஐம்பது கண்கள். கதவு பின்பக்கம், அதற்கும் எனக்கும் நடுவில் மொத்தக் கூட்டமும். கழுத்துப் பட்டனைத் தளர்த்தினேன்.

"அந்த விஷயம் பரிசீலனையில இருக்கு," என்றேன். "இப்போதைக்கு இதுக்கு மேல நான் சொல்ல முடியாது."

கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். மேலிடத்தை எதிர்த்து உண்மையைச் சொன்ன ஆள் என்று எனக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவனும் தன் துண்டு நிலத்தை விட்டுப் போகக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். வாசலில் எகோன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"துறைமுகத்துக்கு இன்னைக்குக் காலையிலேயே லெட்டர் போட்டுட்டேன். வேண்டாம்னு. தோட்டத்தைப் பறிக்க வராங்க, இப்போ விட்டுட்டு ஓடுறவனா நான்?"

இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது. ஒரு தந்தி அடித்தால் அந்தக் கடிதத்தைத் திருப்பிக்கொள்ளலாம். தந்தி அடி என்று அவனிடம் சொல்ல இரண்டு நொடி போதும்.

"நல்லது எகோன்," என்றேன்.

ஏப்ரல் பதினைந்தில் கையெழுத்து ஆனது. பதினாறாம் தேதி காலை ஆலை வாசலில் ஒலிவாங்கிமுன் நின்று நானே சொன்னேன்; வேறு யாரையும் சொல்லவிடவில்லை. எறிந்த முட்டையில் பாதி என் கோட்டில், மீதி என் பின்னால் சுவரில். ஓடவில்லை. ஒன்றரை மணி நேரம் நின்றேன். எல்லாரும் கத்தி ஓய்ந்தபிறகு எகோன் முன்னால் வந்தான். தலைக்கவசத்தைக் கையில் வைத்திருந்தான்.

"சட்டமன்ற உறுப்பினர் அவர்களே," என்றான். "இது உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியுமுங்க?"

எங்கள் தொழிற்சங்கத்தில் தலைவனுக்கும் துடைப்பக்காரனுக்கும் ஒரே 'நீ'தான். இருபத்தெட்டு வருஷம் அவன் என்னை வேறு மாதிரி அழைத்ததில்லை.

"எகோன், குழு நேத்துதான் முடிவு எடுத்துச்சு..."

"நேத்துதான். சரிங்க. கூண்டு விஷயம் நீங்க சொன்னது எதுக்குங்க? சாலைக்கா, இதுக்கா?"

"சாலைக்கு," என்றேன்.

"நல்லதுங்க," என்று தலைக்கவசத்தை என் காலடியில் வைத்துவிட்டுப் போனான். நம்பவில்லை. முட்டாள் இல்லை அவன்.

புது ஆலை வந்தது. நான் பேசி வாங்கியது. அறுநூற்று நாற்பது அல்ல, கடைசியில் அறுநூற்று எழுபது பேர். இன்றும் ஓடுகிறது. அதில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் என் பெயரைச் சொன்னால் காப்பி கொடுப்பார்கள். ஆனால் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்கவில்லை. வயதுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். எகோனை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பினோம். காலையில் எழுந்து தோட்டத்துக்குப் போவான், இருட்டும்போது வருவான். தெருவில் என்னைப் பார்த்தால் தொப்பியைத் தூக்கி, "வணக்கம் உறுப்பினர் அவர்களே" என்பான். தொப்பியைத் தூக்கும்போது பார்த்தால் மரியாதை மாதிரியே இருக்கும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கூட்டம் முடிந்த மறுவாரமே பிளாஷ்கே எனக்கு எழுத்துமூலம் மனு அனுப்பியிருந்தார்: பரிசீலனையில் உள்ள சாலைபற்றி விவரம் தேவை. கிழித்துப் போட முடியாது. நகல் பத்திரிகைக்கும் போயிருந்தது. அதனால் நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பி, 'ஆய்வு செய்து தெரிவிக்கவும்' என்று கீழே கையெழுத்துப் போட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்று அவர்கள் எழுதிவிட்டால் முடிந்தது என்று கணக்கு. ஆனால் எங்கள் நாட்டில் ஓர் அலுவலகம், உறுப்பினர் கையெழுத்தோடு வந்த காகிதத்துக்கு இல்லை என்று எழுதாது. கோப்பு திறக்கும். எண் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் அந்த எண் தூங்கியது. புது ஆலைக்கு லாரிகள் போக வழி வேண்டும் என்று வந்தபோது, யாரோ ஒரு பொறியாளர், இதற்குத்தான் ஏற்கெனவே கோப்பு இருக்கிறதே என்று எடுத்துவிட்டார்.

நிறுத்தப் பார்த்தேன். மூன்று தடவை அமைச்சரின் ஆட்களிடம் போனேன். "இதைக் கேட்டதே நீங்கதானே ஐயா?" என்று என் கையெழுத்தையே எனக்குக் காட்டினார்கள். கட்சியில், "ஆலையும் நீ கொண்டுவந்தது, சாலையும் நீ கொண்டுவந்தது, இப்போ என்ன புதுசா?" என்றார்கள். வாக்கெடுப்பு வந்தது. கை தூக்கினேன். இருபுறமும் இருந்த டாக்டர்களும் தூக்கினார்கள்.

எண்பத்தெட்டு மே மாதம் நிலம் அளப்பவர்கள் சிவப்பு வெள்ளைக் கம்புகளை நட்டார்கள். கோடு நேராக எகோன் தோட்டத்தின் நடுவில் போனது. கூண்டைப் பிரிக்க வண்டி வந்த நாளன்று நானும் போனேன். என்னைத் திட்டுபவன் என் முகத்துக்கு நேராகத் திட்டட்டும் என்பது என் கொள்கை. பறவைகளை முந்தின நாளே பெல்ஜியக்காரன் ஒருவன் வாங்கிப் போயிருந்தான். ஏழெட்டு அங்கிருந்து தப்பி வந்து, கூண்டு இருந்த இடத்துக்குமேல் வட்டமடித்துக்கொண்டிருந்தன. இறங்க இடம் இல்லை.

எகோன் வேலியோரம் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் நடந்து வந்தான். தொப்பியைத் தூக்கவில்லை. அடி விழும் என்று கால்களை அகட்டி நின்றேன்.

"டேய் ஃப்ரீட்ஹெல்ம்," என்றான்.

அகட்டிய கால்களைச் சேர்த்துக்கொண்டேன்.

"மூணு வருஷமா உன்னைப் பொய்யன்னு நினைச்சுட்டிருந்தேன்டா. ஆலை மூடறது தெரிஞ்சுக்கிட்டே என்னை ஏமாத்திட்டேன்னு ஊரெல்லாம் சொன்னேன். ஹில்டகார்ட்கிட்ட சத்தியம் பண்ணிச் சொன்னேன். பாரு, நீ சொன்ன சாலை வந்துடுச்சு. அன்னைக்கே சொன்னே, கட்டாதேன்னு. ஆலை விஷயம் உனக்கும் தெரியாமத்தான் இருந்திருக்கும். மன்னிச்சுடுடா."

கையை நீட்டினான். அவன் பின்னால் வண்டி பலகைகளை நொறுக்கிக்கொண்டிருந்தது. இப்போது எனக்கு எந்தப் பூட்டும் இல்லை. குழு கலைந்து எத்தனையோ நாள். சட்டம் என்னை ஒன்றும் செய்யாது. சொல்லியிருந்தால் அவன் மறுபடி தொப்பியைத் தூக்கியிருப்பான். ஆயுள் முழுக்கத் தூக்கியிருப்பான்.

"பரவாயில்லடா," என்று கையைப் பிடித்தேன்.

ஹில்டகார்ட் போன வருஷம் போய்ச் சேர்ந்தாள், கடலைப் பார்க்காமலே. எகோன் இப்போது ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறான். ட்ராவுடல் கேக் செய்வாள், சீட்டாடுவோம். புதிதாக யாராவது உட்கார்ந்திருந்தால் என்னைக் காட்டி, "இந்த ஊருல எனக்கு உண்மையைச் சொன்ன ஒரே அரசியல்வாதி இவன்தான்" என்கிறான். ட்ராவுடல் அப்போது எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாள். நான் சீட்டைக் கலைத்துப் போடுகிறேன்.